கதிர் பெருத்தால் தூர் ஏன் குறைகிறது? தானியப் பயிர்களில் விளைச்சல் பண்புகளின் மரபுத் தொடர்பு

பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜிகேவிகே வளாகத்தில் நவம்பர் வாக்கில் நடக்கும் கிருஷி மேளா என்ற வேளாண் கண்காட்சிக்கு ஆனேக்கல், ஓசூர், தளி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழ் விவசாயிகளும் வருகிறார்கள். அங்கே கேழ்வரகு ரகங்களை அடுத்தடுத்துப் பார்த்துக்கொண்டே நடக்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். ஒரு ரகத்தில் கதிர் பெரிது, விரல்கள் தடித்து உள்வளைந்து கெட்டியாக இருக்கின்றன. ஆனால் தூர், அதாவது அடியிலிருந்து கிளைக்கும் தண்டு, இரண்டுதான். பக்கத்து ரகத்தில் தூர் நான்கைந்து, கதிரோ சிறிது. இரண்டு நல்லதையும் ஒரே செடியில் சேர்த்துவிட்டால் என்ன?

ரகம் உருவாக்குபவர்களும் பல காலமாக இதே கேள்வியோடுதான் வேலை செய்கிறார்கள். ஓரளவு முடியும், ஓரளவு முடியாது. எந்த அளவு முடியும் என்பது அந்த இரண்டு பண்புகளும் எதனால் பிணைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஆய்வறிக்கைகளில் "தூர் எண்ணிக்கைக்கும் கதிர் எடைக்கும் ஒட்டுறவு மைனஸ் 0.5" என்று ஓர் எண் மட்டும் இருக்கும். இரண்டு பண்புகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை மைனஸ் 1 முதல் 1 வரை சொல்வதுதான் ஒட்டுறவு; மைனஸ் என்றால் ஒன்று ஏற மற்றது இறங்கும். அந்த எண் பயிரின் நிரந்தரக் குணம் இல்லை. எந்தச் செடிக்கூட்டத்தில், எந்த இடைவெளியில், எந்த மழையில், கலப்பின் எத்தனையாவது தலைமுறையில் அளந்தது என்பதை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டால் தேர்வு தவறான திசையில் போகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வரிசைக்கு வரிசை 22.5 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 44 செடி. செடிக்கு 3 கதிர், கதிருக்கு 3 கிராம் மணி என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 400 கிராம், அதாவது எக்டேருக்கு 4 டன். கேழ்வரகு மணி மிகச் சிறியது. ஆயிரம் மணி ஏறத்தாழ 2.7 கிராம்தான் இருக்கும். எனவே 3 கிராம் கதிரில் 1,100 மணிகள். இப்போது கதிருக்கு 4 கிராம் தரும் வரிசை (ஒரே செடியின் வழிவந்த சந்ததி) ஒன்று கிடைத்துவிட்டது என்று கொள்வோம். தூர் 3 ஆகவே நின்றால் விளைச்சல் 5.3 டன். தூர் 2.3 ஆகக் குறைந்தால் மீண்டும் அதே 4 டன்தான். பெரிய கதிரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த உழைப்பு முழுவதும் தூரில் கரைந்துபோகிறது. தானியப் பயிர் ஆய்வில் அடிக்கடி ஏமாற்றம் தரும் இடம் இதுதான். ஒரு கூறு ஏறும்போது இன்னொன்று இறங்கி ஈடுகட்டிவிடுகிறது.

பிணைப்புக்கு மூன்று காரணங்கள்

ஒரே மரபணு இரண்டு பண்புகளையும் ஆட்டிவைக்கலாம். அல்லது இரண்டு தனித்தனி மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் அருகருகே இருந்து சேர்ந்தே பிள்ளைகளுக்குப் போகலாம். அல்லது செடியிடம் இருக்கும் சர்க்கரையும் நைட்ரஜனும் நீரும் குறிப்பிட்ட அளவுதான் என்பதால், ஓர் உறுப்பு அதிகம் எடுக்கும்போது இன்னொன்றுக்குக் குறையலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். ஆனால் மூன்றுக்கும் செய்யவேண்டிய வேலை வேறுவேறு.

ஒரே மரபணுவின் பல்விளைவுக்குக் கோதுமையின் குட்டை மரபணுக்களைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. ஜப்பானின் நோரின் 10 ரகம் 1946-ல் அமெரிக்காவுக்குப் போனது. வாஷிங்டன் மாநிலத்தில் ஓர்வில் வோகல் அதைக் கலப்புக்குப் பயன்படுத்தினார். அங்கிருந்து மெக்சிகோவில் நார்மன் போர்லாக்கின் கைக்கு வந்தது. 1960களில் லெர்மா ரோஹோ 64ஏ, சோனோரா 64 என்ற பெயர்களில் டெல்லிக்கும் பஞ்சாபுக்கும் வந்தது இந்த மரபணுக்களைச் சுமந்த கோதுமைதான். இவை செடியை ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கிக்குச் செவிசாய்க்காமல் செய்கின்றன. தண்டு குட்டையாகிறது. தண்டு எடுக்காத உணவு, அதே நேரத்தில் வளரும் இளங்கதிருக்குப் போகிறது; அதிகப் பூக்கள் மணி பிடிக்கின்றன. குட்டைத் தண்டு சாய்வதும் இல்லை, அதனால் உரம் கூட்டிப் போடலாம். ஆனால் அதே மரபணு முளையின் முதல் உறையையும் குட்டையாக்குகிறது. ஈரம் ஆழத்தில் இருக்கும் மானாவாரி நிலத்தில் விதையை ஆழமாகப் போட்டால் முளை மண்ணுக்கு மேல் வராமல் மடிந்துவிடும். எத்தனை ஆயிரம் செடிகளை வளர்த்தாலும் அந்த மரபணுவை வைத்துக்கொண்டே இந்தக் குறையை மட்டும் கழற்றி எடுக்க முடியாது. குட்டைத்தன்மைக்கு வேறு மரபணுவைத் தேடவேண்டும். முளையுறையைச் சுருக்காமல் தண்டை மட்டும் குட்டையாக்கும் ஆர்எச்டி8 போன்றவற்றை வறண்ட நிலக் கோதுமைக்குக் கொண்டுவர ஆய்வாளர்கள் முயல்வது இதனால்தான்.

நெல்லிலும் இதே கதைதான். 2008-ல் விவரிக்கப்பட்ட ஜிஎச்டி7 என்ற மரபணு கதிரில் மணி எண்ணிக்கையைக் கூட்டுகிறது. கூடவே செடியை உயரமாக்குகிறது, பூப்பதையும் தள்ளிப்போடுகிறது. 2010-ல் விவரிக்கப்பட்ட ஐபிஏ1 தூரைக் குறைத்துக் கதிரைக் கிளைவிடச் செய்கிறது. "பெரிய கதிர், குறைந்த தூர்" என்ற எதிர்த்தொடர்பில் ஒரு பகுதி இப்படி ஒற்றை மரபணுவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. இதில் ஒரு நம்பிக்கையும் உண்டு. ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள் வெவ்வேறு அளவில் வேலை செய்யும். மிதமான வடிவத்தை எடுத்தால் கதிர் ஓரளவு கூடும், தூர் அதிகம் போகாது.

அருகருகே இருக்கும் மரபணுக்களின் கதை வேறு. நவீன நெல் ரகங்கள் வறட்சியில் ஏன் இவ்வளவு சீக்கிரம் துவண்டுபோகின்றன என்ற கேள்விக்கு 2015-ல் வந்த ஓர் ஆய்வு சுவையான பதில் தந்தது. வறட்சியிலும் விளைச்சல் தரும் கியூடிடிஒய்1.1 என்ற பகுதி முதல் குரோமோசோமில் இருக்கிறது. ஐஆர்8 முதலான ரகங்களைக் குட்டையாக்கிய எஸ்டி1 மரபணுவும் அதே இடத்துக்கு அருகில்தான். பழைய நாட்டு ரகங்களில் வறட்சி தாங்கும் வடிவமும் நெட்டை வடிவமும் சேர்ந்தே இருந்தன. பசுமைப் புரட்சிக் காலத்தில் குட்டைச் செடிகளைத் தேர்ந்தெடுத்தபோது, பக்கத்தில் இருந்த வறட்சி தாங்கும் வடிவமும் கூடவே வெளியேறிவிட்டது. வெளியேற்றவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. தேர்வு நடந்தது நீர் நிறைந்த வயலில், இழந்தது கண்ணில் படவே இல்லை. ஆனால் இது இரண்டு மரபணுக்களின் அண்மைதான் என்பதால் பிரிக்க முடிந்தது. குட்டையாகவும் வறட்சி தாங்குவதாகவும் உள்ள வரிசைகள் உருவாக்கப்பட்டன.

வெள்ளம் தாங்கும் ஸ்வர்ணா சப்1 நெல்லும் இப்படிப் பிரித்தெடுத்ததன் பலன்தான். ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற பழைய ரகத்தில் இருந்து மரபணுவை எடுக்கும்போது அந்த ரகத்தின் மற்றக் குணங்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. மரபணுவுக்கு இடப்பக்கம் முறிந்த செடியை ஒரு பிற்கலப்புத் தலைமுறையிலும் (ஸ்வர்ணாவோடு மீண்டும் கலந்தது), வலப்பக்கம் முறிந்த செடியை அடுத்ததிலும் டிஎன்ஏ குறியீடுகளால் (மரபுத் துண்டின் இடத்தைக் காட்டும் அடையாளங்களால்) கண்டுபிடித்துத் துண்டைச் சிறிதாக்கினார்கள். இரண்டு முறிவும் ஒரே தலைமுறையில் கிடைக்கும் என்று காத்திருப்பது வீண். அதற்குத் தேவையான செடிகளின் எண்ணிக்கை எந்தப் பண்ணையிலும் அடங்காது.

எத்தனை செடி வேண்டும்?

கேழ்வரகு, கோதுமை, நெல் மூன்றும் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்கள். கலப்புச் செடியில் ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்புத்தன்மை பாதியாகக் குறைகிறது. இரு பக்கமும் ஒரே வடிவம் ஆகிவிட்ட பிறகு குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டாலும் பயன் இல்லை. அதனால் பிணைப்பை முறிக்கக் கிடைக்கும் வாய்ப்பு முதல் சில தலைமுறைகளோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

இரண்டு மரபணுக்களுக்கு இடையே நூற்றுக்குப் பத்து வீதம் இடமாற்றம் நடக்கும் என்று கொள்வோம். தேர்வு எதுவும் செய்யாமல் ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரு விதை வீதம் எடுத்துத் தூய வரிசைகளாக்கினால், முடிவில் 17 விழுக்காடு வரிசைகள் புதுச் சேர்க்கையாக இருக்கும். இடமாற்ற வீதத்தை இரண்டால் பெருக்கி, அதே இருமடங்கோடு ஒன்றைக் கூட்டியதால் வகுத்தால் வரும் எண் இது: 0.2 வகுத்தல் 1.2. அந்த 17-ல் பாதி, இரண்டு கெட்டதும் சேர்ந்தவை. நமக்கு வேண்டியது 8 விழுக்காடுதான். அப்படி ஒன்றாவது கிடைக்கும் என்று 95 விழுக்காடு உறுதி வேண்டுமானால் 35 வரிசைகள் போதும். இடமாற்றம் நூற்றுக்கு ஒன்று என்றால் வேண்டியது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு வரிசை. அதே உறுதிக்கு 300-க்கு மேற்பட்ட வரிசைகளை வளர்க்கவேண்டும். ஒரே ஒரு பண்பு இணைக்கு இந்த எண்ணிக்கை. விளைச்சலோ பல மரபணுக்களின் கூட்டு. 40 வரிசைகளை வளர்த்துப் பார்த்துவிட்டு "இந்தத் தொடர்பு உடையாது" என்று எழுதுவது அவசர முடிவு.

பட்ஜெட் தகராறு

மூன்றாவது காரணம், கையிருப்புக்குள் பங்கு பிரிக்கும் சிக்கல். இதன் அடையாளம், சூழல் மாறினால் தொடர்பும் மாறிவிடுவது. நெருக்கி விதைத்த கேழ்வரகில் தூரும் கதிர் எடையும் எதிரும் புதிருமாக நிற்கும். அதே ரகங்களைக் குளி ராகி முறையில், ஏறத்தாழ 45 செ.மீ.க்கு 45 செ.மீ. இடைவெளியில் எருவிட்டு நட்டால் செடிக்கு வெளிச்சமும் வேரிடமும் தாராளம்; வலுவான செடி தூரும் அதிகம் விடும், கதிரும் பெரிதாகப் போடும். அங்கே தொடர்பு நேர்க்குறியாகக்கூட வரலாம். இரண்டு முடிவும் உண்மை. எந்த விவசாயி எப்படி நடப்போகிறார் என்பதுதான் எதை எடுத்துக்கொள்வது என்று சொல்லவேண்டும். விதை பெருக்குவதற்காக அகலமாக நட்ட எஃப்2 (கலப்பின் இரண்டாம் தலைமுறை) செடிகளில் ஒட்டுறவைக் கணித்து, அதை வைத்து நெருக்கி விதைக்கும் மானாவாரி நிலத்துக்கு ரகம் தேர்ந்தெடுப்பதை இன்றும் பார்க்கிறோம். இது அடிப்படையிலேயே பிழை.

பெங்களூருச் சுற்றுவட்டாரத்தில் இதைவிடக் கூர்மையான உதாரணம் பூக்கும் நாளும் விளைச்சலும். இங்கே மழை மே மாதம் ஒருமுறையும் செப்டம்பர், அக்டோபரில் ஒருமுறையும் உச்சம் தொடும். எம்ஆர் 6 போன்ற நீண்ட நாள் கேழ்வரகு ரகங்களை ஜூன், ஜூலையில் விதைக்கவேண்டும். ஜிபியு 28 நடுத்தரம், 110 முதல் 115 நாள். ஜிபியு 48 நூறு நாளுக்குள் முடிந்துவிடும், ஆகஸ்டிலும் விதைக்கலாம். அக்டோபர் கடைசிவரை மழை பெய்த ஆண்டில் தாமதமாகப் பூத்தவை அதிக இலை, அதிக உணவு, அதிக விளைச்சல் என்று முன்னால் நிற்கும், ஒட்டுறவு நேர்க்குறி. அக்டோபர் தொடக்கத்திலேயே மழை நின்றுவிட்டால் அதே ரகங்கள் பால் பிடிக்கும் நேரத்தில் காய்ந்து சாவியாகும், ஒட்டுறவு எதிர்க்குறி. மரபணுக்கள் அப்படியேதான் இருக்கின்றன, குறி மட்டும் திரும்பிவிட்டது. ஆகவே ஓர் ஆண்டு, ஓர் இடத்துத் தரவில் வரும் பூக்கும் நாள் தொடர்பை நம்பிச் சந்ததியைக் கழிக்கக் கூடாது. குறைந்தது இரண்டு விதைப்புக் காலம், இரண்டு மூன்று ஆண்டு பார்க்கவேண்டும். மழை எப்போது நின்றது என்பதையும் தரவோடு எழுதிவைக்கவேண்டும்.

எண்ணைக் கணிக்கும் முறை

செடியில் நாம் அளப்பது தோற்றத்தை. அதில் மரபின் பங்கும் மண்ணின் பங்கும் கலந்திருக்கும். இரண்டையும் பிரிக்கத்தான் ஒவ்வொரு வரிசையையும் மூன்று ரெப்ளிகேஷனாக, அதாவது மூன்று தனிப் பாத்திகளில், சீட்டுப்போட்ட வரிசைமுறையில் விதைக்கிறோம். ஒவ்வொரு பண்புக்கும் மாறுபாட்டுப் பகுப்பாய்வும் (வேறுபாட்டை வரிசைகளின் பங்கு, பிழையின் பங்கு என்று பிரிப்பது), ஒவ்வோர் இணைக்கும் இணைமாறுபாட்டுப் பகுப்பாய்வும் (இரண்டு பண்புகள் சேர்ந்து மாறுவதை அப்படியே பிரிப்பது) செய்யவேண்டும். எண்களோடு பார்த்தால் எளிது. கீழே உள்ளவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள்.

தூர் எண்ணிக்கையில் வரிசைகளுக்கிடையிலான சராசரி வர்க்கம் 1.45, பிழையின் சராசரி வர்க்கம் 0.25. வித்தியாசத்தை ரெப்ளிகேஷன் எண்ணான 3-ஆல் வகுத்தால் மரபு மாறுபாடு 0.40. கதிர் எடையில் 10.5, 3.0, மரபு மாறுபாடு 2.5. இரண்டின் பெருக்கலில் வரிசைகளுக்கிடையே மைனஸ் 1.9, பிழையில் பிளஸ் 0.2, வித்தியாசத்தை 3-ஆல் வகுத்தால் மரபு இணைமாறுபாடு மைனஸ் 0.7. இதை 0.40, 2.5 இரண்டின் பெருக்கலின் வர்க்கமூலத்தால் (அது சரியாக 1) வகுத்தால் மரபு ஒட்டுறவு மைனஸ் 0.70. வரிசைச் சராசரிகளை அப்படியே போட்டுக் கணித்திருந்தால் மைனஸ் 0.49-தான் வந்திருக்கும். பிழையில் மட்டும் பார்த்தால் பிளஸ் 0.23.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். வயலில் மண் கொழுத்த இடத்தில் விழுந்த செடிக்குத் தூரும் கூடும், கதிரும் கூடும். அந்த நேர்த்தொடர்பு, மரபில் இருக்கும் எதிர்த்தொடர்பை மறைக்கிறது. வயலில் நடந்துபோகும்போது கண்ணுக்குப் பிடித்த "எல்லாம் நன்றாக இருக்கும் செடி" பெரும்பாலும் நல்ல மண்ணில் நின்ற செடிதான். அதன் விதையை அடுத்த ஆண்டு விதைத்தால் அந்தச் சிறப்பில் பெரும்பகுதி காணாமல் போகும்.

ஒட்டுறவு 1-ஐத் தாண்டி 1.2 என்று வருவதும் உண்டு. இது அபூர்வத் தொடர்பு இல்லை. இரண்டில் ஒரு பண்பின் மரபு மாறுபாடு பூஜ்யத்துக்கு அருகில் இருக்கிறது, அல்லது வரிசைகள் போதவில்லை. இருபது, முப்பது வரிசைகளில் கணித்த மரபு ஒட்டுறவின் பிழை எல்லை மிக அகலம். 0.3 என்ற எண் உண்மையில் பூஜ்யமாகவும் இருக்கலாம், 0.6 ஆகவும் இருக்கலாம். பிழை எல்லை இல்லாமல் அச்சான ஒட்டுறவு அட்டவணையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வயலில் எங்கே கெடுகிறது

கணக்கைவிட அளப்பதில்தான் அதிகத் தவறுகள் நுழைகின்றன. பாத்தியின் ஓர வரிசைக்கு வெளிச்சம் அதிகம். அதில் தூர் அதிகம். ஓர வரிசைகளையும், வரிசையின் இரு முனைச் செடிகளையும், பக்கத்துச் செடி செத்துக் காலியிடம் கிடைத்த செடியையும் விட்டுவிட்டு, மீதியில் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது போல் பத்துச் செடி குறிக்கவேண்டும். குறிப்பது பூப்பதற்கு முன்பே நடக்கவேண்டும். கதிர் வந்தபின் குறித்தால் கை தானாக நல்ல செடிக்கே போகும். நெட்டை ரகத்துக்குப் பக்கத்தில் குட்டை ரகம் நின்றால் நிழலால் விளைச்சல் குறையும், "உயரத்துக்கும் விளைச்சலுக்கும் நேர்த்தொடர்பு" என்று அட்டவணை சொல்லும். ஒத்த உயரமுள்ளவற்றைச் சேர்த்துத் தொகுதியாக விதைப்பது, நடு வரிசைகளை மட்டும் அறுப்பது இதற்கு மருந்து.

பறவையையும் மறக்கக் கூடாது. ஆய்வு வயலில் முதலில் முற்றும் ரகத்தின் மேல்தான் கிளியும் சில்லைக் குருவியும் இறங்கும். ஊரெல்லாம் பச்சையாக இருக்க, அந்த இரண்டு மூன்று பாத்தி மட்டும் பழுத்திருக்கும். முன்முதிர்வு ரகங்களின் விளைச்சல் குறைந்ததற்கு மரபு காரணமா, குருவி காரணமா என்பது அறுவடைக்குப் பிறகு தெரியாது. பால் பிடிக்கும் பருவத்திலிருந்தே வலை போடவேண்டும். அல்லது முன்முதிர்வு ரகங்களைத் தனித் தொகுதியாக வைக்கவேண்டும். குலை நோயும் இப்படித்தான். கழுத்தில் நோய் விழுந்த கதிரில் மணி நிரம்பாது. மணி எடையும் மணி எண்ணிக்கையும் சேர்ந்தே விழும். நோய் வந்த ஆண்டில் இந்த இரண்டுக்கும் வரும் வலுவான நேர்த்தொடர்பு உண்மையில் நோய் எதிர்ப்பின் நிழல்.

இன்னொன்று, கூறுகளையே விளைச்சலோடு ஒப்பிட்டுப் பெருமைப்படுவது. அடித்துத் தூற்றும் முன் அளந்த கதிர் எடைக்கும் அடித்தபின் கிடைத்த மணி எடைக்கும் 0.95 ஒட்டுறவு வந்தால் அதில் மரபியல் எதுவும் இல்லை. ஒன்றின் பெரும்பகுதியே மற்றது. அறுவடைக் குறியீடும் அப்படியே: மணி எடையை மொத்த எடையால் வகுத்த எண்ணில் மணி எடை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

இந்திய ரகங்களையும் ஆப்பிரிக்க ரகங்களையும் ஒன்றாகப் போட்டுக் கணிப்பது மற்றொரு பொறி. ஆப்பிரிக்கக் கேழ்வரகுகளில் பல தடித்த தண்டு, பெரிய கதிர், பருத்த மணி, தாமத முதிர்வு உடையவை. இந்திய ரகங்களில் பல சிறுமணி, முன்முதிர்வு. இரண்டு கூட்டத்தையும் சேர்த்தால் "மணி பருமனுக்கும் தாமதத்துக்கும் வலுவான தொடர்பு" என்று வரும். ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் தனித்தனியாகப் பார்த்தால் அது மறைந்துபோகலாம். அந்தத் தொடர்பு வரலாற்றின் சுவடு, மரபணுவின் கட்டு அல்ல. மண்டியாவின் வி.சி. பண்ணையில் கேழ்வரகு ஆய்வாளர் லட்சுமணய்யா இந்திய, ஆப்பிரிக்க ரகங்களைக் கலந்து இண்டாஃப் வரிசை ரகங்களை உருவாக்கியபோது வயலில் நிரூபணமானது இதுவே. பெரிய கதிரையும் நம் பருவத்துக்கு ஏற்ற முதிர்வையும் அவரால் சேர்க்க முடிந்தது. பின்னால் வந்த ஜிபியு 28-ன் பெற்றோரிலும் இண்டாஃப் 5, இண்டாஃப் 9 இரண்டும் இருக்கின்றன. குலை நோய் எதிர்ப்பும் அதில் சேர்ந்தது.

தொடர்பைப் பயன்படுத்துவது

தொடர்பு தடை மட்டும் இல்லை, வழியும் கூட. விளைச்சலைத் தனிச் செடியில் அளந்தால் மண்ணின் குழப்பம் அதிகம். எளிதாக அளக்கக்கூடிய இன்னொரு பண்பு வழியாகப் போகலாமா? மரபு ஒட்டுறவை மறைமுகப் பண்பின் மரபுவழித் திறனின் (தோற்ற வேறுபாட்டில் மரபின் பங்கு) வர்க்கமூலத்தால் பெருக்கி, விளைச்சலின் மரபுவழித் திறனின் வர்க்கமூலத்தால் வகுத்தால் பதில் வரும். விளைச்சலுக்கு 0.25, அதாவது வர்க்கமூலம் 0.5, விரல் நீளத்துக்கு 0.64, வர்க்கமூலம் 0.8, ஒட்டுறவு 0.7 என்றால் விடை 1.12. நேரடித் தேர்வைவிட 12 விழுக்காடு அதிகப் பலன். ஒட்டுறவு 0.5 என்றால் 0.8; நேரடியாக விளைச்சலையே பார்ப்பது மேல். ஆகவே ஆரம்பத் தலைமுறையில், ஒற்றைச் செடியாக இருக்கும்போது, மறைமுகத் தேர்வு உதவும். பிற்காலத்தில் பெரிய பாத்தியில் பல ரெப்ளிகேஷனில் விளைச்சலையே அளக்க முடிகிறபோது அதன் தேவை போய்விடுகிறது.

பாதைப் பகுப்பாய்வு முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளில் தவறாமல் இடம்பெறும். 1921-ல் சீவால் ரைட் விளக்கிய முறை. 1959-ல் டூயி, லு இருவரும் பயிர் ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். மொத்த ஒட்டுறவை நேரடிப் பங்காகவும் மற்றப் பண்புகள் வழியாக வரும் பங்காகவும் பிரிக்கும். விரல் எண்ணிக்கைக்கு விளைச்சலோடு நல்ல ஒட்டுறவு இருந்து, நேரடிப் பங்கு பூஜ்யமாகவும் முழுவதும் கதிர் எடை வழியாகவும் வந்தால், விரலை எண்ணிக்கொண்டிருப்பதை விட்டுக் கதிர் எடையைப் பார்க்கலாம். ஆனால் எந்த அம்பு எங்கே போகிறது என்று வரைவது ஆய்வாளர்தான். முறை காரணத்தைக் கண்டுபிடிக்காது. மொத்த எடையையும் அறுவடைக் குறியீட்டையும் இரண்டையும் உள்ளே போட்டால் மிச்சம் ஏறக்குறைய பூஜ்யமாகிவிடும். "விளைச்சல் முழுவதையும் விளக்கிவிட்டோம்" என்று தோன்றும். அவை இரண்டையும் பெருக்கினால் விளைச்சல்தானே! ஒன்றோடொன்று மிக நெருங்கிய பண்புகளைச் சேர்த்தால் நேரடிப் பங்கு 1-ஐத் தாண்டி அர்த்தமில்லாமல் ஆடும். அவற்றில் ஒன்றை நீக்கிவிடவேண்டும்.

பல பண்புகளுக்குச் சேர்த்து மதிப்பெண் போடும் தேர்வுக் குறியீட்டைத்தான் அதிகம் பரிந்துரைக்கலாம். ஃபேர்ஃபீல்ட் ஸ்மித் 1936-ல் செடிகளுக்காக வகுத்த முறை இது. ஹேசல் 1943-ல் கால்நடைக்கு விரித்தார். எதிர்த்தொடர்புள்ள இரண்டு பண்புகளில் ஒன்றை மட்டும் பிடித்து இழுத்தால் மற்றது போய்விடும். இரண்டையும் எடையிட்டுச் சேர்த்துப் பார்த்தால், பொதுப்போக்கை மீறி இரண்டிலும் ஓரளவு நன்றாக நிற்கும் வரிசை மேலே வரும்.

கோதுமையில் புரதமும் விளைச்சலும் எதிரெதிர். அமெரிக்காவின் இல்லினாயில் 1896-ல் தொடங்கிய மக்காச்சோளத் தேர்வும் புரதம் ஏற ஏற விளைச்சல் எவ்வளவு இறங்கும் என்று காட்டியது. இதற்கு ஒரு நடைமுறை வழி: எல்லா வரிசைகளின் விளைச்சலையும் புரதத்தையும் கோட்டுத்தாளில் குறித்து, நடுவே சாய்ந்து இறங்கும் கோட்டை வரைந்து, கோட்டுக்கு மேலே எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. விளைச்சல் குறைந்ததால் புரதம் கூடியதாகத் தெரிபவை கோட்டிலேயே இருக்கும். உண்மையிலேயே நைட்ரஜனைத் திறமையாக மணிக்கு அனுப்புபவை விலகி மேலே நிற்கும். காட்டுக் கோதுமையிலிருந்து வந்த, 2006-ல் அடையாளம் காணப்பட்ட புரத மரபணு இலையைச் சீக்கிரம் பழுக்கவைத்து அதிலிருக்கும் நைட்ரஜன், இரும்பு, துத்தநாகத்தை மணிக்குள் தள்ளுகிறது. இலை சீக்கிரம் பழுப்பதால் மணி நிரம்பும் காலம் குறைகிறது. பருவம் குறுகிய இடங்களில் அது இழப்பாகத் தெரியாது, நீண்ட பருவத்தில் தெரியும்.

கேழ்வரகில் தாளையும் சேர்த்தே எண்ணவேண்டும். கோலார், ராமநகரா, துமகூரு, கிருஷ்ணகிரி எங்கும் பால் மாடு வைத்திருக்கும் வீட்டுக்குக் கேழ்வரகுத் தாள் கோடைக்குத் தீவனம். கோதுமையைப் போல இதைக் குட்டையாக்கி அறுவடைக் குறியீட்டை ஏற்றினால் மணி கூடும், மாட்டுக்குத் தீவனம் போகும். அந்த ரகத்தை விவசாயி ஓர் ஆண்டு விதைத்துவிட்டு விட்டுவிடுவார். உயரத்தை விட்டுவிட்டுத் தண்டின் கெட்டித்தன்மைக்குத் தேர்வு செய்வது இங்கே பொருத்தம். சாயாத நெட்டைச் செடி முடியாத காரியம் அல்ல. உயரமும் சாய்வும் சேர்ந்தே வந்தாலும், தண்டின் பருமன் அவற்றை ஓரளவு பிரிக்கிறது.

பிணைப்பை முறிக்கக் கலப்புகள் அதிகம் வேண்டும், கேழ்வரகில் அதுதான் கடினம். பூ மிகச் சிறியது, விடியலுக்கு முன்பே திறந்து தன் மகரந்தத்தையே வாங்கிக்கொள்கிறது. மகரந்தப்பையைக் கையால் நீக்குவது மிகச் சிரமம் என்பதால் இரண்டு ரகங்களின் கதிர்களையும் பூக்கும் நாளில் சேர்த்துக் கட்டிவைக்கும் முறை வழக்கில் இருக்கிறது. பச்சைத் தண்டு ரகத்தைத் தாயாகவும் ஊதாத் தண்டு ரகத்தைத் தந்தையாகவும் வைப்பார்கள். ஊதா ஓங்குநிறம், நாற்றங்காலில் ஊதாவாக வருவது மட்டுமே உண்மைக் கலப்பு, பச்சையாக வருவதைப் பிடுங்கிவிடலாம். கட்டிய கதிருக்குக் கிடைக்கும் கலப்பு விதை மிகக் குறைவு என்பதால், இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று இடைக்கலப்புக்குப் பெரும்பாலும் யாரும் போவதில்லை. முதல் கலப்பிலேயே நின்றுவிடுகிற சந்ததியில் நெருங்கிய பிணைப்புகள் அப்படியே தங்கிவிடுகின்றன.

டிஎன்ஏ குறியீடுகள் இங்கே கைகொடுக்கத் தொடங்கியிருக்கின்றன. 2017-ல் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஷைலஜா ஹித்தல்மணி குழு எம்எல் 365 ரகத்தின் முழு மரபுத்தொகுதியை வெளியிட்டது. கேழ்வரகுக்கு 36 குரோமோசோம்; இரண்டு மூதாதையர்களின் தொகுதிகள் ஒன்றாகச் சேர்ந்தது. ஒரு தொகுதியில் தூருக்கான மரபணு மாறினாலும் மற்றத் தொகுதியின் இணை மரபணு வேலையைத் தொடரலாம். அதனால் நெல்லில் ஒரே மரபணுவால் தெரியும் பெரிய விளைவு இங்கே குறைவாகத் தெரியலாம். நெல்லின் மரபணுப் பட்டியலைக் கேழ்வரகுக்கு அப்படியே கொண்டுவருபவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவேண்டும்: இரண்டு தொகுதிகளிலும் உள்ள வடிவங்களைச் சேர்த்துப் பார்த்த பிறகே அந்த மரபணு தூரையும் கதிரையும் எவ்வளவு இழுக்கிறது என்று சொல்ல முடியும். அந்தச் சோதனையையும் விவசாயி விதைக்கும் அதே இடைவெளியில், மானாவாரியில் நடத்தவேண்டும்.